மறைந்த ஆயரின் சிபாரிசு

சபையில் அவரை 'மைக் அண்ணன்' என்றால்தான் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் உயிரோடிருந்தது. வாரத்தில் ஆறு நாள் கடைவீதியில் ஒலிபெருக்கி பழுது பார்ப்பார். ஏழாம் நாள் ஆலயத்தின் பின்மூலையில், கண்ணாடித் தடுப்புக்குள், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரின்முன் உட்காருவார். ஆயரின் ஒவ்வொரு பிரசங்கத்தையும் இருபத்துமூன்று ஆண்டுகளாகப் பதிவு செய்து, தேதியும் வேதபாடமும் குறித்து அடுக்கி வைத்திருந்தார். ஆயர் எங்கே தொண்டையைச் செருமுவார், எங்கே குரலைத் தாழ்த்திச் சபையை நிமிர வைப்பார் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"என் பேச்சு உனக்கு அலுத்தே போயிருக்குமேப்பா?" என்று ஆயர் கேட்பார்.

"தூங்குறவங்களை எண்ணிக்கிட்டே கேப்பேன்யா. பொழுது போயிடும்" என்பார் இவர். இருவரும் சிரிப்பார்கள்.

ஆயருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தேர்தல் அறிவித்த நாள்முதல் முடிவு வரும்வரை எந்த வேட்பாளரின் பெயரையும், ஜெபத்தில்கூட, பீடத்திலிருந்து உச்சரிக்க மாட்டார். யார் வந்து கெஞ்சினாலும் பதில் ஒன்றுதான்: "உங்க ஓட்டு உங்களோடது. இந்தப் பீடம் என்னோடதுகூட இல்ல." இதய அறுவைக்குப்பின் நான்கு ஞாயிறுகள் நாற்காலியில் அமர்ந்தபடி, மூச்சு வாங்க வாங்கப் பிரசங்கித்தார். ஐந்தாம் ஞாயிறு அதே பீடத்தின்முன் அவரைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள்.

ஏழு மாதம் கழித்துத் தேர்தல் வந்தது. அந்தத் தொகுதியில் முதன்முறையாக இரு பெரிய கட்சிகளும் கிறிஸ்தவர்களையே நிறுத்தின. ஒருவர் வேறு சபைக்காரர். கையில் வேதாகமத்தோடு வீடு வீடாகப் போனார். மற்றவர் இதே சபையில் ஞாயிறு பள்ளி படித்து வளர்ந்தவர். அதைவிடப் பெரிய வேதாகமத்தோடு போனார். "இந்தத் தடவை தராசுல வச்சுத்தான் ஓட்டுப் போடணும்போல" என்று தெருவில் கேலி பேசினார்கள். சபையின் வாக்குகள் இரண்டாகப் பிளந்து கிடந்தன.

ஒரு சனிக்கிழமை நண்பகலில், சொந்தச் சபை வேட்பாளர் தனியாகக் கடைக்கு வந்தார்.

"அண்ணே, ஆயர் இருந்திருந்தா என்னைத்தான் சொல்லியிருப்பார். இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்."

"இருந்திருந்தா ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டார், தம்பி."

"வாயால சொல்லமாட்டார். மனசுல?"

மைக் அண்ணன் கையிலிருந்த ஒலிபெருக்கியின் திருகாணியை முறுக்கினார்.

"அந்த மனசை நீங்க வெளியே கொண்டுவாங்க. உங்க அளவுக்கு அந்தக் குரலைத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அவரைக் கவிழ்த்தது. வேட்பாளர் நல்லவர் என்று அவர் நம்பினார், அதுவும் உண்மைதான். ஆனால் இருபத்துமூன்று ஆண்டுகளில் அவருடைய காதை மதித்து ஒருவர் படியேறி வந்தது அன்றுதான்.

அன்றிரவு பழைய பதிவுகளில் சொற்களைத் தேடி வெட்டினார். 'இந்த மகனை' என்பது கெட்டகுமாரன் உவமையிலிருந்து கிடைத்தது. 'நான் அறிவேன்' நல்ல மேய்ப்பனைப் பற்றிய பிரசங்கத்தில் இருந்தது. 'நம்புங்கள்' கடல் கொந்தளித்த கதையில். 'இவன் கையில்' ஒரு திருமணத்தில். 'கொடுங்கள்' வெள்ள நிவாரணத்துக்குக் கேட்டபோது. ஒட்டிப் பார்த்தால் பொம்மை பேசுவதுபோல் வெட்டி வெட்டி விழுந்தது. நெடுநேரம் யோசித்தார். பேசுகிறவன் மூச்சு விடுவான் அல்லவா? கடைசிப் பிரசங்கத்திலிருந்து மூன்று மூச்சுகளை எடுத்துச் சொற்களுக்கிடையே வைத்தார்.

"இந்த மகனை நான் அறிவேன். நம்புங்கள். இவன் கையில் கொடுங்கள்."

ஆயர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பதுபோல், ஆளில்லாத கடையில் அவர் தம்மையறியாமல் எழுந்து நின்றார்.

மறுவாரமே அந்தக் குரல் பிரசார வண்டிகளிலும் வீட்டுக்கு வீடு கைப்பேசிகளிலும் ஒலித்தது. கேட்டவர்கள் நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேட்பாளர் சொற்ப வித்தியாசத்தில் வென்றார்.

முடிவு வந்த மறுநாள் ஆயரம்மா ஆளனுப்பினார். ஆயரின் மனைவியை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில், மேசைமேல் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இதோட முழு ரெக்கார்டு உன்கிட்ட இருக்குமா?"

"எதுக்கும்மா?"

"இந்த மூச்சு ஆபரேஷனுக்கு அப்புறம் வந்தது. பக்கத்துல படுத்திருந்தவ எனக்குத் தெரியாதா? அந்த நாலு வாரமும் நான் முன்வரிசையிலதான் இருந்தேன். பீடத்துல இப்படி அவர் சொல்லவே இல்ல. அப்போ உன்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கார். வாழ்நாள் முழுக்கச் சொல்லாததைக் கடைசியில சொல்லியிருக்கார். என்கிட்ட மறைச்சுட்டார்." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "முப்பத்தோரு வருஷம் என்கிட்ட எதையும் மறைக்காத மனுஷன்னு நினைச்சிட்டிருந்தேன். வேற என்னவெல்லாம் மறைச்சாரோ."

"தேடிப் பாக்குறேம்மா" என்று மட்டும் சொல்லி மைக் அண்ணன் வெளியேறினார்.

அன்றுமுதல் பழைய பிரசங்கங்களை அவரால் கேட்க முடியவில்லை. கெட்டகுமாரன் கதை ஓடும். 'இந்த மகனை' என்ற இடம் வந்ததும் தகப்பன் கைநீட்டி வாக்குக் கேட்பான். தண்ணீர் கொடுத்த மனைவியின் பெருமூச்சு ஆயருடையதாக இருந்தது.

"ஏங்க, யாரு பேசினாலும் திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க? இந்த வீட்ல நானும் நீங்களும்தான் இருக்கோம்" என்றார் மனைவி.

"அப்படியா?" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை.

நான்காம் நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஆயரம்மாவிடம் போனார். ஐந்து பிரசங்கங்களையும் தனித்தனியே ஓடவிட்டு, எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று காட்டினார். கடைசியாக அந்த மூச்சு. ஆயரம்மா நிமிரவே இல்லை.

"அப்போ அவர் என்கிட்ட எதையும் மறைக்கலை."

"இல்லம்மா. நான்தான்."

"அழிச்சுடு" என்றார் ஆயரம்மா. ஒட்டுப்போட்ட அந்தப் பதிவை மைக் அண்ணன் அங்கேயே அழித்ததும் ஆயரம்மா தொடர்ந்தார்: "வர்ற ஞாயித்துக்கிழமை இதை எல்லார் முன்னாடியும் சொல்லு. எனக்குத் தெரிஞ்சாப் போதாது. அவரோட பேரு சபைக்கு முன்னாடிதான் கெட்டுச்சு."

அந்த ஞாயிறு வெற்றிக்கான ஸ்தோத்திர ஆராதனை. வென்ற வேட்பாளர் முன்வரிசையில் இருந்தார். மைக் அண்ணன் தம் மூலையைவிட்டு முதன்முறையாகப் பீடத்தருகே வந்து, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

ஒரு பெண் எழுந்தார்: "அய்யா குரல் எங்களுக்குத் தெரியாதா?"

"தோத்தவங்க உன்னை எப்போ வளைச்சுப் போட்டாங்க?" என்றது இன்னொரு குரல்.

ஆயரம்மா எழுந்தார். "தம்பி சொல்றது நிஜம். அது என் வீட்டுக்காரர் பேச்சு இல்ல."

பக்கத்திலிருந்தவர்கள் அவர் தோளைத் தடவினார்கள். "துக்கம் இன்னும் ஆறலம்மா உங்களுக்கு. உக்காருங்க."

வேட்பாளர் கனிவோடு திரும்பினார். "அண்ணன் ரொம்பச் சோர்ந்து போயிருக்கார். அவருக்காக ஜெபிப்போம்."

"அதுக்கு முன்னாடி ஆயர் குரலை ஒரு தடவை போடுங்க. சபைக்கு ஆறுதலா இருக்கும்" என்றார் சபையின் மூப்பர் ஒருவர்.

"அழிச்சுட்டேன்" என்றார் மைக் அண்ணன்.

மூன்றாம் வரிசையில் ஒருவர் தம் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். இந்த மகனை நான் அறிவேன். அது முடியுமுன் இடப்பக்கம் இன்னொன்று தொடங்கியது, மேல்மாடத்தில் மற்றொன்று. ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், ஒரே மனிதர் பத்து இடங்களில் மூச்சுவாங்கிப் பேசினார். நம்புங்கள். கொடுங்கள். நான் அறிவேன். கொடுங்கள்.

மைக் அண்ணன் ஓடிப்போய்க் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்தார். மிக்ஸரின் ஒலிக் குமிழ்களை ஒவ்வொன்றாகக் கீழே இழுத்தார். பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. சத்தம் குறையவில்லை.