ருசி பார்க்காத தக்காளி

என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல எழுத்து என் மனைவிக்குத்தான். அவள் இருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை.

எனக்கு உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் இரண்டு மூன்று மாதம் வேலை கிடையாது. அந்த நாட்களுக்கென்று வீட்டுக்குப் பின்னால் தக்காளி போடுவோம். வெட்டவெளி. காற்றிலும் உப்பு, போர்வெல் தண்ணீரிலும் உப்பு. எல்லாத் தக்காளியும் அங்கே பிழைத்துவிடாது. அதனால் எந்த விதையைப் போடுவது என்பது எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய பேச்சு. பேசுவது அவள். நான் தலையாட்டுவேன்.

விதைக்கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். கடைக்காரர் பளபளவென்று படம் போட்ட பாக்கெட்டை எடுத்து வைப்பார்.

“அண்ணாச்சி, இது உப்புத் தண்ணி தாங்குமா?”

“படத்தப் பாரும்மா, எப்படி இருக்குன்னு.”

“படம் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுப் போர்த் தண்ணியில அந்தப் படத்த நனைச்சுப் பாத்தியளா?”

அவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்புவார். “நீங்க என்ன, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய?”

“அவுக வாய வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வந்தாச்சு அண்ணாச்சி” என்பாள் அவள். நான் தரையைப் பார்ப்பேன்.

பாக்கெட் விதையை அவள் நம்பியதில்லை. ஏரல் சந்தையில் குவித்து வைத்திருக்கும் பழத்தில் ஒன்றை எடுத்துக் கடிப்பாள். புளிப்பு பிடித்திருந்தால், எந்த ஊர்ப் பழம், கிணற்றுத் தண்ணீர் கரிக்குமா என்று கேட்பாள். அப்புறம்தான் வாங்குவாள். வீட்டில் பழத்தைப் பிதுக்கி, அன்றைக்குக் கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் விதைகளை அப்பி நிழலில் காயவைப்பாள். முன்பக்கம் தேதி இருக்கும். பின்பக்கம் ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். “தோல் கெட்டி, புளிப்பு இல்லை.” “சாளை மீன் குழம்புக்கு நல்லது.” “விளாத்திகுளம் பழம், தண்ணி இல்லாட்டியும் நிக்கும்.” அந்தத் தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஒரு விதையும் அந்த டப்பாவுக்குள் போனதில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் மார்கழியில் அவளுக்குக் கால் வீங்கியது. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரம் இரண்டு தடவை மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். ஆஸ்பத்திரியில் அவள் உள்ளே படுத்திருந்தபோது, சாப்பாட்டு முறை சொல்லுகிற அம்மா என்னைக் கூப்பிட்டார். இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தக்காளி தொடவே கூடாது. “வீட்டுல பக்குவமா நீங்களே சொல்லிருங்க” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள், “இந்த வருசம் நம்ம தக்காளிக் காய் நல்லா வரிவரியாத் திரண்டிருக்கு, பாத்தியளா?” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன்னால், செடிகள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். பூவும் காயுமாக நின்ற செடிகள். கண்ணில் படாவிட்டால் நாக்கு கேட்காது என்று நினைத்தேன். பிடுங்கியதைச் சுவரோரம் அடுக்கி வைத்தேன்.

வாளியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “ஐயோ, ஆடு வந்துட்டா?” என்றாள்.

நான் தலையாட்டினேன்.

வீங்கின காலை இழுத்துக்கொண்டு வேலிக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரியிடம் சத்தம் போட்டாள். அந்த அம்மா லேசுப்பட்டவள் இல்லை. “ஏளா, எங்க ஆடு ரெண்டு நாளா கயித்துல கெட்டிக் கெடக்கு. ஆடு வேரோட பிடுங்குமா? பிடுங்கி அடுக்கி வைக்குமா? உன் வீட்டுக்காரரப் போய்க் கேளு.”

அவள் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். “ஆஸ்பத்திரியில என்ன சொன்னாவ?” என்று கேட்டாள். சொன்னேன்.

“நான் திங்காட்டி நீங்க திங்க மாட்டியளா? செடியப் பாத்துக்கிட்டாவது இருந்திருப்பேனே. நான் போறதுக்கு முந்தியே என் எடத்தக் காலி பண்ணிட்டிய.”

பஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேன். செடி நின்றிருக்கும்.

வாடிக் கிடந்த குவியலில் தேடி, சிவக்கத் தொடங்கிய ஒரே ஒரு காயை எடுத்து அரிசிக்குள் புதைத்து வைத்தாள். அது பழுத்ததும் ஒருநாள் பிதுக்கினாள். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாறு வழிந்த விரலை மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு விதையை நாள்காட்டித் தாளில் அப்பிவிட்டுக் கையைக் கழுவிவிட்டாள்.

சித்திரையில் போய்விட்டாள்.

போன புரட்டாசியில் நாற்றுப் போடலாமென்று டப்பாவைத் திறந்தேன். மேலாக இருந்தது அந்தத் தாள்தான். விதைகளுக்கு ஓரத்தில், “நம்ம வீட்டுப் பழம். ருசி பார்க்கல” என்று எழுதியிருந்தாள். டப்பாவை மூடிவிட்டேன். போன வருடம் எங்கள் வீட்டில் தக்காளி இல்லை.

இந்தப் புரட்டாசியில் நான் தனியாக விதைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் வழக்கம்போல பாக்கெட்டை எடுத்தார். வேண்டாம் என்றேன். பழைய விதை தாளில் ஒட்டியிருக்கிறது, இனிமேல் முளைக்குமா என்று கேட்டேன். அந்தக் கடையில் நான் வாய் திறந்தது அன்றைக்குத்தான். அவர் என்னையே பார்த்தார்.

“நம்ம ஊரு உப்புக் காத்துக்கு ரெண்டு வருசம் தாண்டுனா சந்தேகந்தான். இந்தத் தடவையே போட்டுருங்க. விதைய உரிக்காதிய, ஒடைஞ்சிரும். தாளோட கிழிச்சு மண்ணுல வையுங்க.”

தாளோடு வைத்தால் அவள் எழுத்து மண்ணில் மக்கிப் போகும். வைக்காவிட்டால் விதை செத்துப் போகும். நாலு நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அதனால்தான் இந்த நோட்டை வாங்கினேன். தாளில் இருப்பதை இருக்கிறபடியே இங்கே எழுதிவிட்டுக் கிழிக்கப் போகிறேன். இரண்டு மாதமோ மூன்று மாதமோ கழித்துக் காய்த்தால், அவளுக்காக நான் ருசி பார்ப்பேன். அதையும் கீழே எழுதக் கொஞ்சம் இடம் விடுகிறேன்.

முன்பக்கம்: தை 5.
பின்பக்கம்: நம்ம வீட்டுப் பழம். ருசி பார்க்கல.

இதை நான் எழுதியது: புரட்டாசி 9, வியாழக்கிழமை.