குழாய்க்கு நன்றி சொன்னவன்

சோணைமுத்து இறந்துபோன செய்தியை அவனுடைய சித்தப்பாதான் கொண்டுவந்தார். காலைச் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் தட்டோடு போய்க்கொண்டிருந்த நேரம். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடுதி வாசலில் ஒருவர் நின்றார். "சமயநல்லூர்ப் புள்ளைன்னு யாரும் இருக்காகளா சாமி?" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் என்று போய் நின்றேன். "சோண தவறிட்டான் சாமி. வாந்திபேதி. அவன் ஆத்தா உங்ககிட்டச் சொல்லிட்டு வரச் சொல்லுச்சு," என்றார்.

திருவாதவூரைத் தாண்டி இருக்கும் அவர்கள் ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தார். குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அவர் குழாய்க்கு எதிரே குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து வாயருகே வைத்துக்கொண்டு நின்றார். குழாயைத் தொடவில்லை. யாராவது ஊற்றுவார்கள் என்று காத்திருந்தார். நான் திறந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

நம் விடுதிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவனைப் பற்றி எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். "யார் மனமும் நோகாதபடி எழுது," என்றும் சொன்னார்கள். நோகவேண்டிய மனங்கள் சில இருக்கின்றன என்பது என் எண்ணம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் வெண்பாவுக்குப் போகலாம்.

இன்டர்மீடியட் வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். அன்று மாலை குழாயடியில் ஒரு பையன் இப்படித்தான் கையைக் குவித்துக்கொண்டு சும்மா நின்றான். கையில் ஏதோ காயம், அதனால் திருக முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் திறந்துவிட்டேன். குடித்து முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. வெகுநாள் கழித்து அந்தப் பேச்சு வந்தபோது சொன்னான்: "மொத நாள் நீ திறந்துவிட்ட. மறுநாள் நானாத் திறந்தேன். எனக்கு அந்த மறுநாள்தான் பெரிசு மாப்ள."

எங்களுக்குள் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். வகுப்பில் பாதிப் பேர் பாதிப் பேரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவனை அப்படிக் கூப்பிட்டபோது மட்டும் சிலருக்குக் காது கூசியது.

ஒரு விடுமுறைக்குச் சமயநல்லூருக்கு அவனை அழைத்துப்போனேன். என் அம்மா கெட்டவள் அல்ல. ஆனால் அவனுக்கு மாட்டுத்தொழுவத்தில்தான் இலை போட்டாள். நான் என் இலையைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கே போய் அவனருகில் உட்கார்ந்தேன். அப்பா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. திரும்பி வரும்போது பரவைச் சந்தையருகே சோணைமுத்து வாயைத் திறந்தான். "சாப்பாடு நல்லாருந்துச்சு. பக்கத்துல சாப்பிட்ட மாடு ஒண்ணுமே சொல்லலையே, பாத்தியா?" என்று சிரித்தான். கொஞ்சதூரம் போனபிறகு, "நீ வந்து உக்காந்ததுக்கு நன்றின்னெல்லாம் சொல்லமாட்டேன். உன் வீட்ல நீ எங்க வேணாலும் உக்காரலாம்," என்றான்.

அந்தச் சொல்லின்மேல் அவனுக்கு அப்படி என்ன கோபம் என்று கேட்டேன். நம் பக்கத்தில் யாரும் நன்றி என்று வாயால் சொல்வது வழக்கமில்லைதான். நல்லாருப்ப என்போம், இல்லாவிட்டால் பேசாமல் இருந்துவிடுவோம். அவன் கணக்கு வேறு. "எங்க தெருவுல அந்தச் சொல்லு தனியா வராது மாப்ள. கெட்டங்கிறதோட சேந்துதான் வரும். கூலி கொஞ்சம் கூடக் கேட்டா நன்றி கெட்ட பய. காச்சல்னு களத்துக்குப் போகலைன்னா நன்றி கெட்ட பய. அந்தச் சொல்லைத் தனியா நான் பாத்ததே பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துலதான்."

எங்கள் இருவருக்கும் விடுதியில் இலவசச் சாப்பாடு. அதற்கான நெல்லைக் கொடுத்தவர் அவன் ஊர்ப் பண்ணையார். அவருடைய வயலில்தான் அவன் அய்யாவும் ஆத்தாவும் காலமெல்லாம் பாடுபட்டார்கள். தை பிறந்து பொங்கல் கழிந்ததும் பண்ணையார் விடுதிக்கு வருவார், மாலை போடுவோம், இலவசமாகச் சாப்பிடுகிறவர்களில் ஒருவன் எழுந்து, தான் எதற்கெல்லாம் நன்றியுடையவன் என்று பேசவேண்டும். சென்ற தையில் சோணைமுத்துவைப் பேசச் சொன்னார்கள். அவன் குரல் அப்படி. வார்டன் ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று அது தொடங்கியது.

அந்தத் தாளை அவன் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டான். அவன் பேசியது இவ்வளவுதான். உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள்.

"முதலில் நம் விடுதிக் குழாய்க்கு நன்றி. எங்கள் ஊரில் நல்ல கிணறு இருக்கிறது. அதில் நாங்கள் இறைக்கக்கூடாது. மாடு குளிப்பாட்டும் ஊருணியில்தான் எங்கள் தெரு குடிக்கிறது. தெளிந்த தண்ணீரை என் கையால் நானே பிடித்துக் குடித்தது இங்கேதான். இந்தக் குழாய் என்னை யார் என்று கேட்கவில்லை. அடுத்து, நாம் எல்லோரும் இங்கே சாப்பிடும் நெல்லை நட்டு, களை பறித்து, அறுத்துக் கொடுத்த என் அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும் நன்றி." வணக்கம் சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

கைதட்ட வேண்டுமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. பண்ணையார் சத்தம் போடவில்லை. மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வார்டன் பக்கம் திரும்பி, "நன்றி கெட்ட பய," என்றார். மூன்றாவது வரிசையில் இருந்த எங்களுக்கும் கேட்டது. சோணைமுத்து என் காதருகே குனிந்து, "வந்துருச்சு பாத்தியா மாப்ள," என்றான்.

அந்த வாரத்திலேயே அவனுடைய சாப்பாடும் இடமும் போயின. நாங்கள் சிலர் வார்டனிடம் போய்ப் பேசினோம். அவரும் வருத்தப்பட்டார் என்றுதான் சொல்லவேண்டும். "ரெண்டு வரி சொல்லியிருந்தா உனக்கு என்னடா குறைஞ்சிருக்கும்?" என்று அவனைக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் குறைஞ்சிருக்காதுங்கய்யா. எங்கய்யா குறைஞ்சிருப்பாரு," என்றான். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது குழாயடிக்குப் போய் முகம் கழுவினான், வயிறு நிறையக் குடித்தான். சொட்டாமல் இறுக மூடினான். "போயிட்டு வாரேன்," என்றான். அதைக் குழாயிடம் சொன்னானா என்னிடம் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வேறு விடுதிகளில் இடம் தேடினோம். கிடைக்கவில்லை. அவன் பரீட்சை எழுதவில்லை. அய்யாவோடு களையெடுக்கப் போனான். புரட்டாசியில் ஒருமுறை என்னைப் பார்க்க வந்தவன் நேரே குழாயடிக்குத்தான் போனான். "ஊருணி எப்பிடி இருக்கு?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "எருமை கூட எறங்க யோசிக்குது. நாங்க யோசிக்கிறதில்ல," என்றான். ஐப்பசி மழையில் ஊர் அழுக்கெல்லாம் அந்த ஊருணியில் போய்ச் சேர்ந்தது. பிறகு அவர்கள் தெருவில் பேதி கண்டது.

சித்தப்பாவோடு அன்றே புறப்பட்டுப் போனேன். போகிற வழியில் அந்தக் கிணற்றைப் பார்த்தேன். நல்ல கல் கட்டு, புதுக் கயிறு, தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் தெளிந்து கிடந்தது. கிணறு இருந்த அந்தத் தெருவில் பேதி வரவில்லை. சோணைமுத்துவின் தெருவில் வீட்டுக்கு வீடு ஆள் போயிருந்தது. காய்ச்சிக் குடியுங்கள் என்று அவன் வாசல் வாசலாகப் போய்க் கத்தியிருக்கிறான். அடைமழையில் காய்ந்த விறகுக்கு எங்கே போவார்கள்? படுத்தவர்களுக்கெல்லாம் கஞ்சித்தண்ணி ஊற்றிக்கொண்டு திரிந்தவன் கடைசியில் தானும் படுத்தான். ஒரு பகல் தாங்கவில்லை.

அவன் ஆத்தா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுக்கலாமா என்று தயங்கினாள். "காச்சுன தண்ணிதான் சாமி. அவன் சொன்னப்ப வெறகு இல்ல. இப்பக் காச்சுறேன்," என்றாள். வாங்கிக் குடித்தேன். வெதுவெதுவென்று புகை நாற்றத்தோடு இருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "எம்புள்ளைய அம்புட்டுப் பேருக்கு முன்னால நன்றி கெட்டவன்னு சொன்னாகளாம்ல. அவன் அப்பிடியா சாமி?"

"இல்ல ஆத்தா," என்றேன். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இன்னும் நல்ல பதில் தெரிந்தால், அந்த ஊருக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

பொங்கல் கழிந்ததும் பண்ணையார் மறுபடியும் வருகிறார். இந்தமுறை பேசவேண்டியவன் நான். வார்டன் அதே தாளை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கி வைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு நிலம் இருக்கிறது, ஆனால் என்னைப் படிக்கவைக்கும் அளவுக்கு இல்லை. சாப்பாடு நின்றால் என் படிப்பும் நிற்கும். எல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன். சோணைமுத்துவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஐந்தாறு வரிப் பேச்சுதான். ஒரு சொல் விடாமல் மனப்பாடமாக இருக்கிறது. குழாயில் தொடங்குவேன். நெல்லை அறுத்தவர்களுக்கு அடுத்து, ஊருணித் தண்ணீரைக் குடித்துச் செத்தவனுக்கு ஒரு வரி நானாகச் சேர்ப்பேன். அந்தச் சொல் எனக்கும் வரும். வந்துருச்சு பாத்தியா என்று சொல்லத்தான் பக்கத்தில் மாப்ள இருக்கமாட்டான்.