தகவல் சொல்ல ஓர் ஆள்

சொன்ன தேதிக்குத் துணி கொடுக்கும் தையல்காரர் உலகத்தில் உண்டா என்று கேட்டால், அந்தத் தெருவே டெய்லரம்மாவைக் கைகாட்டும். வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தால் வியாழக்கிழமையே பட்டன் வைத்து, இஸ்திரி போட்டுத் தயார். அப்படிப்பட்டவர் தன் சாவு வேலையை மட்டும் கடைசி நேரத்துக்கு விட்டுவைப்பாரா? அறுபத்தெட்டு வயதில், ஒரு தும்மல்கூட இல்லாதபோதே, இறுதிக் காரியங்களை நடத்தித் தரும் கம்பெனிக்குப் போய் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார்.

சவப்பெட்டியின் உள்துணியைப் பார்த்ததும்தான் முகம் சுளித்தார்.

“என்ன தையல் இது? இழுத்தா கையோட வருது. இதுல நான் படுக்கணுமா?”

உள்துணியை அவரே தைத்துக் கொடுப்பதாக முடிவானது. விட்டால் போதும் என்று குமாஸ்தா படிவத்தின் கடைசி வரிக்குத் தாவினார்.

“நீங்க தவறிட்டா எங்களுக்கு யாரும்மா போன் பண்ணுவாங்க?”

டெய்லரம்மா யார் பெயரைச் சொல்வார்? கல்யாணம் ஆகாதவர். ஒரே தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இருப்பது தம்பி மனைவி ஒருத்திதான். பிள்ளை குட்டி இல்லாமல் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். அவளோடு பேச்சு நின்று பதினோரு வருடம் ஆகிறது. வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது அவளுக்கு அளவெடுத்த டெய்லரம்மா, இடுப்புச் சுற்றளவை உரக்கச் சொல்லித் தொலைத்துவிட்டார். அதுவும் இரண்டு தடவை.

ஆள் இல்லாவிட்டால் பூட்டிய வீட்டுக்குள் எத்தனை நாள் கிடக்க வேண்டுமோ! அந்த நினைப்பில் அன்று முழுக்க ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. சாயங்காலம் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு போய்த் தம்பி மனைவியின் கதவைத் தட்டினார்.

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அது சரி, நீங்க செத்தது எனக்கு எப்படித் தெரியும் அண்ணி?”

நியாயமான கேள்விதான். ஆகவே தினமும் காலை ஏழு மணிக்கு அவள் போன் செய்வதென்று ஏற்பாடாயிற்று.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“சரி.” வைத்துவிடுவாள்.

மூன்றாம் வாரம் மூட்டுவலியும் பேச்சில் சேர்ந்துகொண்டது. ஆறாம் வாரம் குழாயில் தண்ணீர் வராத கதை, மாடி வீட்டுக்காரி சண்டைக்கு வந்த கதை என்று அரை மணி நேரம் ஓடியது. இருக்கிறாரா என்று கேட்கவே அவள் மறந்துபோனாள்.

ஒரு நாள் ஏழு மணிக்குப் போன் வரவில்லை. ஏழேகால் ஆயிற்று, ஏழரை ஆயிற்று. டெய்லரம்மாவே கூப்பிட்டுப் பார்த்தார், அவள் எடுக்கவில்லை. கழுத்தில் டேப்பும் காலில் ஒற்றைச் செருப்புமாக இரண்டு தெருவையும் ஓடியே கடந்தார். ஓடுகிற வயதா அது!

கதவைத் திறந்தவள் வாயில் பல் துலக்கும் பிரஷ் இருந்தது.

“அசந்து தூங்கிட்டேன் அண்ணி. போன் சைலண்ட்ல கிடந்திருக்கு.”

“பாவி! என் உசிரே போயிடுச்சுடி!”

வாசற்படியிலேயே உட்கார்ந்து டெய்லரம்மா ஓவென்று அழுதார். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு நான் போன் பண்றேன். எனக்கு யாரு பண்ணுவா அண்ணி?”

டெய்லரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய், அலமாரியைத் திறந்து, அவளுடைய துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.