தந்தூர்க்காரர் என்னை என்னவென்று கூப்பிட்டார்?

மூன்று வருடங்களுக்கு முன்னால், துபாயில் ஒரு மலேசியச் சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டில் நடந்தது இது. நல்ல வெயில் காலம். தெருவில் கால் வைத்தால் செருப்பு இளகுகிற மாதிரி இருக்கும். சமையல்கட்டு அதைவிட மோசம். அங்கே எனக்கு வழிந்த வியர்வையில் பாதி வெயிலால், பாதி பயத்தால்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. மலேசியாவின் ஈப்போவில், சிலிபினில்தான் வீடு. இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, குனோங் ராபாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவப் போனேன். அங்கேயே ரொட்டி சானாய், அதாவது எங்கள் ஊர்ப் பரோட்டா, வீசக் கற்றுக்கொண்டேன். கை நன்றாக வரும். புத்திதான் கொஞ்சம் கோணல். எதைப் பார்த்தாலும் அதிலுள்ள கெட்டதுதான் முதலில் கண்ணில் படும். வீட்டைப் பூட்டிவிட்டு மோட்டாரில் பாதி வழி போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவன் நான். இரண்டு பேர் மெதுவாகப் பேசினால் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும்.

கடை மூடப்போகிறது என்றதும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, தன் மச்சினர் துபாயில் கடை திறந்திருப்பதாகவும், ரொட்டி வீச ஆள் வேண்டுமென்றும் சொன்னார். அன்றைக்கே எனக்குத் தூக்கம் போயிற்று. ரொட்டி வீசுகிறவன் உலகத்தில் நான் ஒருத்தன்தானா? எதற்கு என்னைத் தேடிக் கூப்பிடுகிறார்கள்? அந்தச் சமயத்தில், வெளிநாட்டு வேலை என்று கூட்டிக்கொண்டு போய் அடைத்து வைத்து, போனில் ஊரை ஏமாற்றுகிற வேலை செய்யச் சொல்லி அடிக்கிறார்கள் என்று எங்கள் பேராக் மாநிலம் முழுக்கப் பேச்சு. எங்களுக்கு அடுத்த தாமான் குடியிருப்பிலேயே ஒரு குடும்பம், போன மகனிடமிருந்து சேதி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது.

என் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். சுங்காய் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். என்னைவிடத் தைரியசாலி.

"எல்லாரையும் சந்தேகப்பட்டா நீங்க எப்பதான் வேலைக்குப் போறது? போயிட்டு வாங்க லா. பிள்ளை பொறக்கிற மாசம் லீவு கேட்டு வந்துடலாம்" என்றாள்.

அவளுக்கும் ஒரே ஒரு பயம் உண்டு. அது கத்தி. அவளுடைய அம்மா ஓர் அறுவை சிகிச்சைக்கு உள்ளே போனவர், உயிரோடு வெளியே வரவில்லை. "எனக்குச் சுகப் பிரசவம்தான். வெட்டுற பேச்சே கூடாது" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை சிலிபினிலேயே அவளுடைய அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

விமான நிலையத்துக்குக் கடையின் மேற்பார்வையாளர் வந்திருந்தார். தமிழ்நாட்டுக்காரர், தஞ்சாவூர்ப் பக்கம். வந்ததும் வராததுமாக, "பாஸ்போர்ட்டைக் கொடுய்யா, விசா அடிக்கணும்" என்று கை நீட்டினார். கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் வாங்கிக் கொடுத்த தண்ணீர் போத்தலின் மூடி ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று திருகித் திருகிப் பார்த்தேன். பாஸ்போர்ட் திரும்பி வந்தபோதுகூட அது என்னுடையதுதானா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

"என்ன மலேசியா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்று சிரித்தார் அவர். அன்றிலிருந்து அங்கே என் பெயர் மலேசியா.

கடை உண்மையான கடைதான், வேலையும் உண்மையான வேலைதான் என்று தெரிந்த பிறகு என் சந்தேகத்துக்கு வேறு இடம் தேவைப்பட்டது. அது போய் நின்றது தந்தூர்க்காரரிடம்.

என் ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில்தான் அவருடைய தந்தூர் அடுப்பு. வட இந்தியாவில் எங்கேயோ ஒரு ஊர், முஸ்லிம். பெரிய மீசை, பெரிய கை. நெருப்புக்குள் கையை விட்டு ரொட்டியை ஒட்டி எடுப்பார். தங்குகிற அறையிலும் எனக்கு அடுத்த கட்டில். இந்தி மட்டும்தான் பேசுவார். எனக்குத் தமிழும் மலாயும், சந்தையில் பேசுகிற கொஞ்சம் கேண்டனீஸ் சீனமும்தான் தெரியும். நம் ஊருக்கு வேலைக்கு வருகிற வங்காளதேசத்துக்காரர்கள்கூட மலாய் பேசிப் பழகிவிடுவார்கள். அதனால் இந்தி எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. இந்திப் படங்கள் பார்த்திருக்கிறேன், பாட்டுக்காக. பேச்சு காதில் ஏறினதில்லை.

வந்த புதிதில் ஒருநாள், மதிய வேலை முடிந்து கட்டிலில் உட்கார்ந்து மனைவியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். தந்தூர்க்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். என் போனைக் காட்டிச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அதில் ஒரு வார்த்தை மட்டும் எனக்குச் சுத்தமாகப் புரிந்தது.

பாபி.

மலாயில் பாபி என்றால் பன்றி. அதை நம் ஊரில் ஒரு ஆளைப் பார்த்துச் சொன்னால் அடிதடியில்தான் முடியும். எனக்குக் காது சூடாகிவிட்டது. என்னைச் சொன்னானா, அவளைச் சொன்னானா? மலேசியாவில் இருந்தவனாக இருப்பானோ? தெரிந்துதான் சொல்கிறானோ? ஒரு முஸ்லிம் வாயில் இந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக எப்படி வருகிறது? ரொட்டி போடுகிறவன் இன்னொருத்தன் வந்துவிட்டான், தன் இடம் போய்விடும் என்ற பொறாமையாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு தினமும் நடந்தது. காலையில் என்னைப் பார்த்ததும், "பாபி டீக் ஹை?" என்பார். நான் போனை வைத்ததும், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பாபி என்று எதையோ சொல்வார். வெயில் தாங்காமல் நான் சோர்ந்து நின்றால், எலுமிச்சையும் உப்பும் போட்ட தண்ணீரை என் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். என்ன கலந்திருக்கிறதோ என்று அவர் திரும்புகிற நேரம் பார்த்து ஊற்றிவிடுவேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவரைப் பார்த்து விரலை நீட்டி, "நீதான்டா பாபி!" என்றேன். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன்னையே காட்டிக் காட்டி, பாபி பாபி என்று மற்றவர்களிடமும் சொன்னார். சமையல்கட்டே சிரித்தது. அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பார்த்து நிஜமாகப் பயம் வந்தது. பன்றி என்று திட்டினால் சந்தோஷப்படுகிறவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருப்பான்?

மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவரும் அவனும் ஒரே கூட்டமாக இருந்தால்? அதோடு, 'என்னைப் பன்றி என்கிறான்' என்று பெரிய ஆளாகிப் போய்ச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. மனைவியிடமும் சொல்லவில்லை. பிள்ளையைச் சுமந்துகொண்டிருப்பவள், எதற்குக் கவலைப்படுத்த வேண்டும்?

பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. லீவும் கேட்டு வைத்துவிட்டேன். அந்த மதியம் கடையில் உட்கார இடமில்லாத கூட்டம். சமையல்கட்டுக்குள் போன் கொண்டுவரக் கூடாது, பின்னால் உள்ள அறையில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். நான் மாவை வீசிக்கொண்டிருந்தேன். துண்டு எடுக்க அந்த அறைக்குப் போன தந்தூர்க்காரர் வாசலில் வந்து நின்று, எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"பாபி! பாபி!"

கையிலிருந்த மாவு கிழிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த உருண்டையை எடுத்தேன். அவர் திரும்பவும் பின்னறைக்கு ஓடிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். இந்தத் தடவை அவர் கையில் என் போன். பாபி பாபி என்று சொல்லிக்கொண்டே, இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் பெரிதாக வளைத்துக் காட்டினார். பிறகு விரலால் கன்னத்தில் கோடு இழுத்தார். எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தொந்தி பெருத்த பன்றி என்கிறான். அழுதுகொண்டு ஊருக்கு ஓடு என்கிறான். என் போனை வேறு எடுத்து மனைவி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். போனைப் பிடுங்கி மாவுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். மாவு மூட்டையில் போய் மோதினார். எழுந்து என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ வெளியே போய்விட்டார்.

மூன்றாவது தடவை வந்தபோது, முன்னால் கல்லாவில் நின்ற மேற்பார்வையாளரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"யோவ் மலேசியா! காது என்ன அடைஞ்சா போச்சு? ஒம் பொண்டாட்டி போன்ல அழுவுதாம்யா!"

"இவன் என்னைப் பாபிங்கிறான்ணே!"

"ஆமாய்யா, பாபின்னா அண்ணி! இந்தியில அண்ணி! அண்ணி அழுவுது, மாசமா இருக்கிற பொண்ணு அழுவுதுன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கான். போனை எடு!"

மாவுக் கையோடு போனை எடுத்தேன். அவளிடமிருந்து வரிசையாக அழைப்புகள். நான் கூப்பிட்டதும் எடுத்தாள்.

"ஏங்க... உசுரோட இருக்கீங்களா?" அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. "யாரோ ஒரு ஆளு உங்க போனை எடுத்துட்டு, பாபி பாபின்னு கத்துறான். உங்களப் புடிச்சி அடைச்சிட்டானுங்கன்னு நெனச்சேன்."

அவளும் மலேசியாக்காரிதானே. அவள் காதிலும் அது பன்றியாகத்தான் விழுந்திருக்கிறது. பயந்துபோய்ப் போனை வைத்துவிட்டாள்.

அக்கா போனை வாங்கினார். "தம்பி, ஆஸ்பத்திரில இருக்கோம். காலையிலிருந்து ரத்தக் கொதிப்பு ஏறிப்போச்சி. பிள்ளையோட நாடி குறையுதாம். உடனே வெட்டி எடுக்கணும்ங்கிறாரு டாக்டரு. இவ ஒத்துக்க மாட்டேங்கிறா. நீங்க என்னா ஆனீங்கன்னு தெரியாம உள்ள போவ மாட்டாளாம். சீக்கிரம் சொல்லுங்க தம்பி."

தண்ணீர்ப் போத்தலைக்கூட நம்பாதவன் நான். முகம் தெரியாத டாக்டரை, அவள் ஆயுசு முழுக்கப் பயந்த கத்தியை நம்பு என்று நான் சொல்ல வேண்டும்.

"நான் நல்லா இருக்கேன். இங்க யாரும் என்னை ஒண்ணும் செய்யல. எல்லாரும் நல்லவங்கதான். நீ டாக்டர் சொல்றதக் கேளு. அவங்கள நம்பு."

"நீங்களா சொல்றீங்க, நம்பச் சொல்லி?"

"ஆமா லா. நான்தான் சொல்றேன்."

அழுகைக்கு நடுவில் சிரித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. "சரி, போறேன்" என்றாள்.

மறுபடி போன் வரும்வரை நான் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். என் கல்லின் நெருப்பை அணைத்தது தந்தூர்க்காரர். ரொட்டி சானாய் கேட்டவர்களுக்கெல்லாம் தந்தூரில் சுட்டதைக் கொடுத்து அனுப்பிக்கொண்டு, நடுநடுவே வந்து என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்கு முன்னால் அக்கா கூப்பிட்டார். பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் நன்றாக அழுகிறது. தாயும் கண் விழித்துவிட்டாள். இன்னும் தாமதித்திருந்தால் பிள்ளை கையில் கிடைத்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

மேற்பார்வையாளரை வைத்துக்கொண்டு தந்தூர்க்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன். கேட்டதும் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினவர் நிறுத்தவில்லை. நான் அவரைப் பாபி என்றபோது, என் மனைவி இங்கே இல்லாததால் அவரையே அண்ணியாக இருக்கச் சொல்கிறேன் என்று நினைத்தாராம். தினமும் அண்ணி நலமா என்று விசாரித்தது ஏன் என்று கேட்டதற்கு, "புள்ளத்தாச்சியை விட்டுட்டு வந்திருக்கான். கேக்க ஆள் வேண்டாமா?" என்றாராம். மேற்பார்வையாளர்தான் தமிழில் சொன்னார்.

ஒப்பந்தம் முடிந்து இப்போது ஈப்போவுக்கே வந்துவிட்டேன். மகள் ஓடியாடுகிறாள். என் சந்தேகம் என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். புது ஆள் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்றுதான் யோசிக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் முதல் தடவை கத்தியபோது நான் முகத்தைத் திருப்பினேன், இரண்டாம் தடவை தள்ளிவிட்டேன். அதோடு போய்த் தன் அடுப்பைப் பார்த்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் மூன்றாவது தடவை வந்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். மகள் தூங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லக்கூடிய ஆளாக மாற வேண்டும் என்று தோன்றுகிறது.