இரண்டு கடையும் பூட்டிய நாள்

போன மாதம் ஒரு நாள் காலையில் வெண்டைக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ரஞ்சினி போன் செய்தார். "அண்ணை, இவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்," என்றார். தூக்கத்திலேயே மாரடைப்பு.

சான்டா கிளாராவில் என் கடைக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த தன் கணவர் யோகநாதனைத்தான் சொன்னார். உங்களில் பலர் அவரிடம் அரிசியும் என்னிடம் காய்கறியும் வாங்கியவர்கள். அதனால் பூசி மெழுகாமல் எழுதுகிறேன். அவர் என் போட்டிக்காரர்.

கடை போட்ட புதிதில் நாங்கள் இருவரும் ஒரு நாள்கூடப் பூட்டியதில்லை. தீபாவளிக்கும் திறப்போம், காய்ச்சலோடும் திறப்போம். நான் பூட்டினால் என் வாடிக்கையாளர் தெருவைக் கடந்துவிடுவார் என்ற பயம் எனக்கு. அவருக்கும் அதே பயம். மலையைத் தாண்டினால் கடல். இருவர் வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பார்க்காமலே வளர்ந்தார்கள்.

ஒரு கோடைக்காலத்தில் அவரே என் கடைக்குள் வந்தார்.

"அண்ணை, வாற சனி ஞாயிறு நான் பூட்டுறன். நீங்களும் பூட்டுவியளோ? ரெண்டு குடும்பமும் ஹாஃப் மூன் பே கடற்கரைக்குப் போவம்."

"நான் பூட்டுவேன்யா. கடையில உம்மகூட நிக்கிற மச்சான் பூட்டுவாரா?"

"அவனையும் வேனுக்குள்ள ஏத்திறன்!"

போனோம். மீன்பிடிப் படகுகள் நிற்கும் துறைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. சிப்பிச் சூப் வந்ததும் யோகநாதன் சட்டைப் பையிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்தார். நண்டுக்காலை அவர் பல்லால் உடைத்த சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாக்கட்டும். நண்டு தின்னத் தெரியாத சனம்," என்றார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சம்மதித்துவிட்டேனே தவிர, வேனில் ஏறாத யாராவது அவர் கடையைத் திறந்திருந்தால்? கை கழுவுகிற சாக்கில் வாசலில் இருந்த, காசு போட்டுப் பேசும் போனுக்குப் போனேன். எனக்கு முன்பே அங்கே அவர் நின்றுகொண்டிருந்தார்.

"யாருக்குய்யா போன்?"

"உங்கட கடைக்குத்தான். மணி அடிக்குது, ஒருத்தரும் எடுக்கேல்லை." முகத்தில் துளி வெட்கம் இல்லை.

"அப்ப தள்ளும். நான் உம்ம கடைக்குப் பண்ணணும்."

காசையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

பிறகு பாறை விளிம்புப் பாதையில் வெகுதூரம் நடந்தோம். மூடுபனி விலகி, கீழே கூழைக்கடாக்கள் வரிசையாகப் பறந்தன. "சந்தேகம் இருந்தா உடனே கேட்டுப் பாத்திடோணும், அண்ணை," என்றார். "அதைத் தோளில காவிக்கொண்டு நடந்தா கடல் தெரியாது."

அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் பூட்டினோம். கதவில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துத் திட்டியவர்களும் உண்டு. "ரெண்டு நாள் எங்களைக் காணாட்டித்தான் எங்கட அருமை தெரியும்," என்பார். விலையில் மட்டும் எனக்கு ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை.

இப்போது நம் தெருமுனையில் பெரிய கடை ஒன்று வந்திருக்கிறது. வருடம் முழுவதும் திறந்திருப்பார்களாம். "டாட், இந்த சம்மர் பூட்டினா வீ ஆர் டன், கடை காலி," என்கிறான் என் மகன். அவன் கணக்கு தப்பில்லை. அந்தக் கடைக்குப் போகிறவர்கள் திரும்பி வராமலும் போகலாம்.

காரியமெல்லாம் முடிந்தபின் ரஞ்சினியும் சொன்னார்: "உங்களுக்கு நட்டமெண்டா திறவுங்கோ அண்ணை. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"திறக்க மாட்டேன்மா. நீயும் பூட்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வா."

வியாபாரத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கற்றிருக்கிறேன். எதிர்க்கடைக்காரனை நம்பிக் கதவைப் பூட்டலாம் என்று காட்டியவர் அவர் ஒருவர்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தைரியம்.

ஆகஸ்ட் முதல் சனி, ஞாயிறு இரண்டு கடையும் பூட்டியிருக்கும். வேண்டியதை வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.