கூட்டுக்குரலுக்குள் ஒருத்தி

வாப்பாவின் கடை மலைநாட்டில் இருந்ததால் சிறு வயதிலேயே எனக்குச் சிங்களம் வந்துவிட்டது. பள்ளிப் படிப்பு பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வரைதான். அந்தச் சிங்களத்தை நம்பி, மருதமுனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் மாலை அஸர் தொழுகைக்குப் பின் பெண்களுக்குச் சிங்கள வகுப்பு வைத்தேன். ஏழு பேர் வந்தார்கள். இருவர் பட்டதாரிகள், அரச வேலைக்கான மொழிப் பரீட்சைக்குப் படிப்பவர்கள். ஒருத்தி ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

ஒருவரைத் தனியே எழுப்பிக் கேள்வி கேட்க எனக்குக் கூச்சம். மதரசாவில் ஓதுவதுபோல நான் சொல்ல, எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். ஐந்தாம் வகுப்புக்காரியின் குரல்தான் உரத்துக் கேட்கும். நன்றாகப் பிடித்துக்கொண்டாள் என்றே இரண்டு மாதம் நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "டீச்சர், இண்டைக்குக் கொழும்பு பஸ்ஸில போறம். மகன்ட வலிப்புக்கு நாளைக்கு கிளினிக். போனமுறை டொக்டர் சிங்களத்தில கேக்க நான் வாய் திறக்காம நிண்டதால பழைய மருந்தையே எழுதித் தந்துட்டாங்க."

வலிப்பு எப்போது வருகிறது என்று சிங்களத்தில் கேட்டேன். அவள் பக்கத்தில் இருந்தவளின் வாயைப் பார்த்தாள்.

"ராத்தா, உங்கட சத்தத்துக்குப் பின்னாலதானே நாங்க வந்த?" என்று அவளிடம் கேட்டாள் ஒரு பட்டதாரி.

"உங்கட வாயப் பாத்துத்தான் புள்ள நான் சொன்ன."

யாரும் சிரிக்கவில்லை.

"டீச்சர், எங்களுக்கும் சோதினை கிட்ட வந்துட்டு. இண்டைக்குக் கட்டுரை எண்டீங்க," என்றாள் மற்றப் பட்டதாரி.

"கட்டுரை நாளைக்கு. இப்ப நீங்கதான் டொக்டர். ராத்தாட்ட சிங்களத்தில கேளுங்க," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அந்தப் பட்டதாரி முகத்தை நீட்டிக்கொண்டுதான் கேட்டாள். எத்தனை நிமிடம், எந்தக் கை முதலில் இழுக்கிறது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கேட்டும் ஐந்தாம் வகுப்புக்காரிக்கு நான்கு பதில்கள்தான் தேறின.

மறுநாள் பத்து மணிபோல் அவளிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், டொக்டருக்கு முன்னுக்கு இரிக்கன். போன ஸ்பீக்கர்ல போட்டிரிக்கன். நான் நிண்டு போனா மட்டும் கதைங்க."

இந்த மாதம் எத்தனை முறை வந்தது என்று டொக்டர் கேட்டார். நாங்கள் பழகாத கேள்வி. பதிலைச் சொல்ல என் நாக்கு எழுந்துவிட்டது. ஆனால் எத்தனை முறை என்பது எனக்குத் தெரியாது.

"ஐந்து," என்றாள் சிங்களத்தில். பிறகு, "அதில் இரண்டு, நித்திரையில்."

மருந்தை மாற்றுவதாக அவர் வேகமாகச் சொன்னார். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்றரை. திருப்பிச் சொல்லும்போது பிழைவிட்டாள், அவரே திருத்தினார். நான் பேசவேண்டி வரவில்லை.