மிலாக்ரோஸ் மூச்சு வாங்க ஒரு வரி

இந்த ஈஸ்டர் விடுமுறைக்கு நாங்கள் எங்கேயும் போவதாக இல்லை. மகனுக்குப் பரீட்சை, கணவருக்கு வேலை, எனக்குச் சோம்பல். வியாழக்கிழமை சாயங்காலம் பத்மா அன்ரி போன் செய்து, மெல்பர்னுக்குக் கார் ஓட்ட ஆள் வேண்டும் என்றார். சிட்னி பிளாக்டவுனில் எங்கள் வெள்ளிக்கிழமை பஜனையை நடத்துகிறவர் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ், சொன்னால் சொன்னதுதான். அங்கே இருக்கும் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகிறோம், அப்படியே அவருடைய சிநேகிதியின் கடைசிக் கச்சேரியையும் கேட்கிறோம் என்பது திட்டம். பெட்ரோல் அவர் செலவு. கோயில் என்றதும் வீட்டிலும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

வெள்ளி காலை ஐந்தரைக்குச் செவன் ஹில்ஸிலிருந்து கிளம்பினோம். ஹியூம் நெடுஞ்சாலையில் சுமார் 870 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் ஒன்பது மணி நேரம் என்று வரைபடம் சொல்லும், நம்பாதீர்கள். கோல்பர்னில் காபி, கண்டகையில் புளிச்சோறு, ஆல்பரியில் பெட்ரோல் என்று எங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆனது. விடுமுறை நாட்களில் வேகம் தாண்டினால் அபராதப் புள்ளிகள் இரட்டிப்பு, அதனால் நான் பிள்ளையார் ஊர்வலம் போல ஓட்டினேன். அன்ரிக்கு அதில் மனக்குறைதான்.

வழியெல்லாம் அவர் சிநேகிதியின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பெயர் மிலாக்ரோஸ். கியூபாவில் மத்தான்சாஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் வானொலிப் போட்டியில் ஜெயித்து ஹவானா போனார். பெண்கள் மட்டுமே இருந்த ஒரு இசைக்குழுவில் முதல் குரலாகி, இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டு, ஐரோப்பா வரைக்கும் போய்ப் பாடினார். தொண்ணூறுகளில் அங்கே மின்சாரம் இல்லை, பெட்ரோல் இல்லை, பாடிக்கொண்டிருந்த விடுதியையும் மூடிவிட்டார்கள். ஒரு நடனக் குழுவோடு சிட்னி வந்தவர், ஒலி அமைப்பாளர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். கல்யாணம் நிலைக்கவில்லை. கையில் ஒரு பெண் குழந்தை.

அதற்குப் பிறகு வாரநாட்களில் பிளாக்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, சனிக்கிழமைகளில் யாராவது வீட்டுக் கல்யாணத்தில் பாட்டு. அந்த முதியோர் இல்லத்தில் இரவு நர்ஸாக இருந்தவர்தான் நம் அன்ரி. இருவரும் பல வருடம் ஒரே சாப்பாட்டு மேசையில் இட்லியையும் கறுப்பு பீன்ஸையும் மாற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள். குளிக்க அடம்பிடிக்கும் கிழவர்களை மிலாக்ரோஸ் பாடிப் பாடியே குளிக்க வைத்துவிடுவாராம்.

போன வருடம் நோய் வந்து நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். பாடலாம், ஆனால் மூச்சு நீடிக்காது என்றாராம் டாக்டர். அதனால்தான் இது கடைசிக் கச்சேரி. மொத்தம் பத்துப் பாட்டு, எல்லாம் மெதுவான காதல் பாட்டுகள். அவரை ஊரறியச் செய்த பாட்டு மட்டும் அதில் கிடையாது.

ஏன் இல்லை என்பதை விளக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கியூபாவின் அந்த ஆட்டப்பாட்டு வகையில் கடைசிப் பகுதி ஓயாத ஓட்டம். கூட இருப்பவர்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். அந்த வரி முடியும் ஒவ்வொரு தடவையும் பாடகி அப்போதைக்கு மனதில் தோன்றியதைப் புதிதாகப் பாட வேண்டும். மூச்சு வாங்கக் கிடைப்பது மற்றவர்கள் தங்கள் வரியைப் பாடும் அந்தக் குட்டி இடைவெளி மட்டும். ஒத்திகையில் அந்த இடத்துக்கு வந்ததும் மிலாக்ரோஸ் மூச்சுத் திணறி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம்.

“அந்தப் பாட்டைப் பாடாமல் விட்டால் நான் விடைபெற்ற மாதிரியே இராது எண்டு அழுகிறாள்” என்றார் அன்ரி. “நடுவில நிண்டு போனால் அதைவிடக் கேவலம் எண்டும் அழுகிறாள்.”

மெல்பர்ன் ஓரத்தில் டாண்டினாங்கில் ஒரு மோட்டலில் இரண்டு இரவு, அறைக்கு நாளுக்கு 140 டாலர். சுத்தம், கெட்டில் உண்டு. சனி காலை பதினைந்து நிமிட ஓட்டத்தில் கோயில். தரிசனம் முடிந்ததும் அன்ரியின் மெல்பர்ன் பஜனைத் தோழிகள் ஐந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். கச்சேரி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அவர்களும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அது மது விற்கிற இடம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “நாங்கள் குடிக்கவோ போறம், பிள்ளை?” என்று ஒரு அன்ரி கேட்டார்.

கச்சேரி நடந்த பிரன்ஸ்விக், கோயிலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுங்கச்சாலையில் வந்தால் ஐம்பது நிமிடம். தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, பின்பக்கத் தெருவில் பாருங்கள். டிக்கெட் 35 டாலர். பட்டுப்புடவையும் திருநீறுமாக ஆறு அன்ரிமாரும் பின்னால் நானும் உள்ளே போனதும் வாசலில் நின்ற பையன் ஒருமுறை டிக்கெட்டைப் பார்த்தான், ஒருமுறை எங்களைப் பார்த்தான். முன்வரிசையிலேயே இடம் கொடுத்துவிட்டான். ஆளுக்கொரு எலுமிச்சை சோடா.

மிலாக்ரோஸ் ஒல்லியாக, வெள்ளை உடையில் வந்தார். எழுபதைத் தாண்டியவர். குரலில் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பது போலப் பாடினார். மொழி தெரியாத எனக்கே நாலாவது பாட்டில் கண் கலங்கிவிட்டது.

பத்தும் முடிந்தன. கூட்டம் எழுந்து நின்று அந்த ஒரு பாட்டைத்தான் கேட்டது. அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். கூட்டம் விடவில்லை. மிலாக்ரோஸ் தனக்கு வாசித்த பியானோக்காரரைப் பார்த்தார், அவர் கீழே பார்த்தார். பிறகு மிலாக்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். என் பக்கத்தில் அன்ரி இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கொண்டார்.

முதல் பாதி நன்றாகப் போனது. கடைசிப் பகுதி வந்தது. கூட்டம் அதன் வரியைப் பாடியது, “இன்னும் நான் போகவில்லை” என்று அர்த்தமாம். மிலாக்ரோஸ் ஒரு புது வரி போட்டார். இரண்டாவது போட்டார். மூன்றாவதில் குரல் நடுங்கி, கை நெஞ்சுக்குப் போய்விட்டது.

அப்போதுதான் எங்கள் வரிசை வாயைத் திறந்தது. பஜனையில் முன்னால் பாடுகிறவர் ஒரு வரி பாடினால் பின்னால் இருப்பவர்கள் அதே வரியைத் திருப்பிப் பாட வேண்டும், அதுதானே நமக்குத் தெரிந்த முறை? மராத்தி அபங்கங்களை அர்த்தம் தெரியாமலே ஆயுள் முழுக்கத் திருப்பிப் பாடிய வாய்கள் அவை. மிலாக்ரோஸ் பாடிய ஸ்பானிய வரியை அன்ரி அட்சரம் பிசகாமல், கைதட்டி, முழுக்குரலில் திருப்பினார். மற்ற ஐந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். கூட்டத்தின் வரி அதில் அடிபட்டுப் போனது. சிலர் சிரித்தார்கள், ஒருவர் உஷ் என்றார். நான் நாற்காலிக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன்.

மிலாக்ரோஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

வாங்கி முடித்ததும் அடுத்த வரியைப் பாடிவிட்டு, எங்களைப் பார்த்துக் கையை நீட்டினார். ஆறு பேரும் திருப்பினார்கள். பியானோக்காரருக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அதே சுற்றை விடாமல் வாசித்தார். மிலாக்ரோஸின் வரி, எங்கள் வரி, பிறகு கூட்டத்தின் வரி. இடைவெளி இரண்டு மடங்கானது. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் முழுக்கவே அவர் வரியைத் திருப்பிப் பாடியது, உஷ் என்றவர் உட்பட. நானும் பாடினேன், அழுதுகொண்டே பாடினேன், வெட்கமாகவே இல்லை. மிலாக்ரோஸ் அந்தப் பாட்டை முடித்தார். எங்கே முடிக்க நினைத்தாரோ அங்கே, நின்றபடியே முடித்தார்.

வெளியே வந்து அன்ரியைக் கட்டிக்கொண்டு, இதை முன்கூட்டியே திட்டமிட்டாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அன்ரிக்குக் கேள்வியே விளங்கவில்லை. காரில் ஏறிய பிறகுதான் என்னிடம் கேட்டார்.

“முன்னுக்குப் பாடுறவ களைச்சுப் போவா எண்டுதானே நாங்கள் திருப்பிப் பாடுறது? அங்க சனம் அவளைத் தனிய விட்டவை. ஏன் விட்டவை?”

நான் காரைக் கிளப்பினேன்.

ஞாயிறு காலை கிளம்பி இருட்டுவதற்குள் வீடு வந்தோம். திங்களன்று திரும்ப நினைக்காதீர்கள், ஹியூமில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். மோட்டலை ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். கோயில் சமையல்கூடத்துத் தோசைக்குப் பதினொன்றரைக்கு முன்னால் வரிசையில் நில்லுங்கள். இரவு மெல்பர்ன் குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

பத்து நாள் கழித்து மிலாக்ரோஸ் அன்ரிக்குப் போன் செய்தார். கடைசிக் கச்சேரி என்று சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டாராம். இனி மாதம் ஒரு சனிக்கிழமை, அதே இடம். அந்தப் பக்கம் போகிறவர்கள் கட்டாயம் போங்கள். குரல் இல்லையே, மொழி தெரியாதே என்று யோசிக்க வேண்டாம். முன்னால் உட்காருங்கள். அந்தப் பாட்டில் அவர் ஒரு வரி பாடியதும் அதையே திருப்பிப் பாடுங்கள். அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நிறுத்திவிடாதீர்கள்.